புளி போட்டுத் துலக்கிய கூடுகள்

எங்கள் வீட்டில் மீன் வளர்த்தது என் மனைவி. நான் வாளி தூக்கினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. கூடத்தில் சாமி மேடை, அதற்கு நேர் கீழே இரண்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் மணல், மணலின் மேல் நத்தைக்கூடுகள், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு மீன் எங்கே என்று கேட்பார்கள். மீன் கூட்டுக்குள் இருக்கும். ஆப்பிரிக்காவில் ஏதோ ஓர் ஏரியைச் சேர்ந்த சாதி அது. அரைவிரல் நீளம்தான் வளரும், உடம்பெல்லாம் கோடு கோடாக இருக்கும். நத்தை செத்துக் காலியான கூடுதான் அதற்கு வீடு. முட்டையிடுவதும் குஞ்சு வளர்ப்பதும் பயந்தால் ஒளிவதும் அதற்குள்தான். கையை விட்டுக் கூட்டைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தாலும் மீன் குதித்து ஓடாது. இன்னும் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

ஒரு மீனுக்கு ஒரு கூடு வேண்டும், குஞ்சு பெருகப் பெருக கூடும் பெருக வேண்டும். கடையில் விற்கிற கூடு அவளுக்குப் பிடிக்காது. அவள் பிறந்து வளர்ந்தது கேரி தீவுத் தோட்டத்தில். அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் ஓடும் வாய்க்கால்களில் நத்தை நிறைய உண்டு. நத்தைகொத்தி நாரைகள் வந்து சதையை மட்டும் உருவித் தின்றுவிட்டுக் கூட்டை வரப்பில் போட்டுவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுக்கச் சொல்வாள். கிளாங் தாண்டி, பாலம் ஏறி இறங்கி, அந்த வரப்புகளில் அவள் குனிந்து குனிந்து பொறுக்குவாள். நான் வாளியோடு பின்னால் நடப்பேன், முணுமுணுத்துக்கொண்டே. வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்துக்குப் போய்க் கண்டெய்னர் பேப்பர்களோடு மாரடிப்பவனுக்கு ஏழாவது நாள் நத்தை பொறுக்கும் வேலை. அதைச் சொல்லிக் காட்டாத ஞாயிறு கிடையாது. அவள் காதில் போட்டுக்கொண்டதும் கிடையாது.

கொண்டுவந்த கூட்டை அப்படியே தொட்டியில் போட முடியாது. உள்ளே துணுக்குச் சதை மிச்சம் இருந்தாலும் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும். முதலில் வாய் உடைந்தவற்றைக் கழிப்பாள். மீதியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றுவாள். அந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டு ஆன்டி ஊதுபத்தி கொளுத்துவார். பிறகு பழைய சோற்றுப் பானையில் கொதிக்கவைத்து, ஊசி போடும் பீச்சாங்குழலால் உள்ளே தண்ணீர் அடித்து, ஒவ்வொன்றையும் காதோரம் குலுக்கிப் பார்ப்பாள். ஏதாவது ஆடினால் திரும்பவும் கொதிக்கும். கடைசியில் பால்கனி வெயிலில் காயவைப்பாள். ஒரு தடவை, சீக்கிரம் முடியட்டும் என்று நான் எலுமிச்சம்பழம் பிழியப்போக, கையில் அடித்தாள். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் கரைந்துபோகும் என்றாள். எனக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இப்படித் திட்டு வாங்கித் தெரிந்ததுதான்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கிளாங்குக்குப் பக்கத்தில் பண்டமாரானில் இருக்கிறாள். மச்சான் போய்ச்சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்துப் பழகியவள், அதனால் இரண்டு பேரிடம் பேசினாலும் இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் மீன்கள் கூட்டுக்குள் போய்விடும். அவள் கிளம்பி லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டும். எத்தனையோ வருடமாக வந்து போகிறவள் ஒரு மீனைக்கூடப் பார்த்ததில்லை. மீனே இல்லாத தொட்டிக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்கள் என்று எங்களைக் கிண்டல் செய்வாள். என் மனைவியும் முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு, "ஆமா அண்ணி, கூடு பார்க்க அழகா இருக்கேன்னு வச்சிருக்கேன்" என்பாள். அக்கா போனதும் இரண்டு பேரும் சிரிப்போம். அது எங்களுக்குள் இருந்த ஒரு விளையாட்டு. அதில் ஒரு கெட்டதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி, கைப்பையைத் தோளில் மாட்டிய என் மனைவி அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மறுநாள் அவள் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்கு மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவள், கருமாதி முடியும்வரை இருப்பதாகச் சொல்லி வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டில் சாமிப் படத்தை மூடிவைப்பது வழக்கம். யாரோ ஒரு பெரிய வெள்ளை வேட்டியை மேடை மேல் போட்டார்கள். வேட்டி நீளம், அது கீழே இருந்த தொட்டியையும் சேர்த்து மூடிவிட்டது. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தேன், கொடுத்ததைச் சாப்பிட்டேன். காலையில் அக்கா குளிக்கப் போகும் நேரம் வேட்டியைத் தூக்கி ஒரு சிட்டிகைத் தீனியைப் போடுவேன். வருகிற சனத்தின் சத்தத்தில் அவை வெளியே வருவதே இல்லை. தீனி மட்டும் காணாமல் போயிருக்கும்.

நான் அழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வரவில்லை. பல் பிடுங்கும்முன் ஊசி போட்ட தாடை மாதிரி மொத்த உடம்பும் இருந்தது. வந்தவர்கள் எல்லாம், அழுதுவிடு, அடக்கிவைத்தால் உடம்புக்கு ஆகாது என்றார்கள். நான் எதையும் அடக்கிவைக்கவில்லை. அடக்கிவைக்க உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல், நான் எந்த அறைக்குப் போனாலும் ஏதோ ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கருமாதிக்கு முந்தின நாள் வீடு கழுவுகிற நாள். ஆண்கள் இருந்தால் இடைஞ்சல் என்று அக்கா என்னைக் கிளாங்குக்கு அனுப்பினாள். சாமான் வாங்க வேண்டியிருந்தது, ஐயரையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. ரயிலில் போய் ரயிலில் வந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க ஃபினாயில் வாசனை. மேடையில் வேட்டி இல்லை. மறுநாள் ஏற்றுவதற்காகக் குத்துவிளக்கைத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே தொட்டி காலி. கண்ணாடியைத் துடைத்து, சுத்தமாக, காய்ந்து போயிருந்தது. மோட்டார் வயரைச் சுற்றி அழகாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பால்கனியில் விரித்த செய்தித்தாளின் மேல் நத்தைக்கூடுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"தொட்டி பாசி புடிச்சுக் கெடந்துச்சு தம்பி. வீட்டையே கழுவிட்டு அத மட்டும் அப்படியே விட்டா நல்லா இருக்காதுலா. கூட்டையெல்லாம் வெளக்கோட சேர்த்துச் சுடுதண்ணி ஊத்தி, புளி போட்டுத் தொலக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. விடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்ந்த களைப்பு என்று நினைத்தேன். அக்காவுக்கும் வயதாகிவிட்டது என்றும் நினைத்தேன். மீன்களைப் பற்றி நினைத்தது அதற்கு அப்புறம்தான். எல்லாம் உள்ளே இருந்திருக்கும். தண்ணீரை இறைக்கும்போது பயந்து இன்னும் உள்ளே போயிருக்கும். அதன் மேல் சுடுதண்ணீர்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பதினைந்து நாளாகத் தன் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு எனக்குச் சோறு ஆக்கிப் போட்டவள். கோழியை அறுக்கும்போதுகூடத் திரும்பிக்கொள்கிறவள். தம்பி மனைவி ஆசையாக வளர்த்ததை உயிரோடு வேகவைத்துவிட்டோம் என்று தெரிந்தால், என் வீட்டு வாசலை அவள் அப்புறம் மிதிக்கவே மாட்டாள். மீன்கள் போய்விட்டன, அக்காவும் போய்விட்டால் எனக்கு யாரும் கிடையாது. அந்தக் கணக்கை மட்டும் என் மரத்துப்போன மூளை சரியாகப் போட்டது. சாகும்வரை சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கருமாதி முடிந்தது. மறுநாள் மத்தியானம், கூடுகளின் நாற்றம் வீட்டுக்குள் வருவதற்குள், அக்கா கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து அவற்றை அள்ளிக்கொண்டு சமையலறை சிங்க்குக்குப் போனேன். பீச்சாங்குழலில் தண்ணீர் ஏற்றி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அடித்தேன். வெந்து வெளுத்து நெத்திலி மாதிரி ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வராததை என் மனைவியின் கொண்டை ஊசியை வளைத்து இழுத்தேன். குஞ்சுகளும் இருந்தன. அவை மீனாக வரவில்லை, கூழாக வந்தன. எல்லாவற்றையும் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். கண்டெய்னர் நம்பரைச் சரிபார்ப்பது போலத்தான் செய்தேன். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

பிறகு அவள் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தேன். ஊறவைத்து, கொதிக்கவைத்து, தண்ணீர் அடித்து, காதோரம் குலுக்கினேன். புளி தன் வேலையைக் காட்டியிருந்தது. கூட்டின் பழுப்புத் தோல் உரிந்து, உள்ளிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. விரலால் தடவினால் மாவு ஒட்டியது. சில கூடுகள் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தன, சிலவற்றில் ஊசித் துளை விழுந்திருந்தது. அவற்றைக் கழித்தேன். பாதிக்கு மேல் தேறின. தேறியதை, மிச்சப் புளிப்பு முறிவதற்காக, நல்ல தண்ணீரில் பவளக்கல் போட்டு வாளியில் ஊறவைத்தேன்.

வாளியைப் பார்த்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். அந்தக் கூடுகளைத் தூக்கிப் போட்டுவிடு என்றாள். தீட்டு வீட்டில் இருந்த பொருள், ஆகாது என்றாள். பண்டமாரானுக்குத் திரும்பிப் போன பிறகும் போன் செய்து முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள், அடுத்து அந்தக் கூட்டைப் போட்டுவிட்டாயா என்று கேட்பாள். வேண்டுமானால் புதிதாக வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னாள். அக்காவின் சாங்கியங்களுக்கு அளவே கிடையாது என்று நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மட்டும் பொறுக்கவில்லை. அது அவள் கையால் பொறுக்கியது, அதைப் பற்றி இனிமேல் பேசாதே என்று கத்திவிட்டேன். அக்கா பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு, மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

தொட்டியைத் திரும்பவும் நிரப்பினேன். வேலையிலிருந்து வந்தால் செய்வதற்கு ஏதாவது வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. மணலைப் போட்டு, கூடுகளை வைத்து, தண்ணீர் பழகட்டும் என்று மோட்டாரை மட்டும் பல வாரம் ஓடவிட்டேன். இப்போது அது நிஜமாகவே மீனில்லாத தொட்டி. கரண்ட் பில் கட்டினேன்.

செராஸில் என் மனைவி வழக்கமாகப் போகிற மீன் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் சீனர், அவளை மேடம் என்று கூப்பிடுவார். நான் போனதும் மேடம் வரவில்லையா என்று கேட்டார். இறந்துவிட்டாள் என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி அந்த மலாய் வாக்கியம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு தொட்டியைக் காட்டினார். கோடு போட்ட மீன்கள், நத்தைக்கூட்டுக்குப் பதிலாக வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் இருந்தன. வீட்டில் குஞ்சு பெருகிப்போகும்போது அவள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பாள், அவற்றின் வம்சம்தான் இவை என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அப்போதெல்லாம் வெளியே காரில் உட்கார்ந்து, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பேன். அவர் வலையை எடுத்து, நான் கேட்டதைவிட அதிகமாகவே பிடித்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் பையை அவிழ்த்துத் தொட்டியில் விட்டேன். கொஞ்ச நேரம் கண்ணாடி ஓரமாகவே நின்றன. பிறகு ஒன்று கீழே இறங்கி, ஒரு வெள்ளைக் கூட்டின் வாயில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சரி, உள்ளே போய்விட்டது என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சோற்றுக் கேரியரோடு வந்தாள். அவள் வருவதை முன்னமே சொல்லியிருந்தால் எப்போதும் போலத் தொட்டி மேல் ஒரு துணியைப் போட்டிருப்பேன். சொல்லாமல் வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றிருந்தாள். புது மீன்களுக்கு அவளைத் தெரியாது போலிருக்கிறது. ஏழெட்டு வெளியே நின்றன. ஒன்று மணலை வாயில் அள்ளிக்கொண்டு வந்து கூட்டு வாசலில் துப்பியது. அவள் இன்னும் கிட்டப் போனாள். எல்லாம் சட்டென்று உள்ளே போய்விட்டன. தொட்டியில் மணலும் கூடும் மட்டும் இருந்தன.

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. அன்றைக்கு மீன்களைச் சிநேகிதர் ஒருவர் வீட்டில் விட்டிருந்தேன், தொட்டியில் வெறும் கூடுதான் இருந்தது என்று. மாதக்கணக்காகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பொய். வாயைத் திறந்தேன்.

"அக்கா, அன்னைக்கு இதுல மீன் இல்ல. நான் முன்னாடியே..."

"பேசாத தம்பி."

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். கேரியரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது கூட்டைத் தேய்க்கிறப்பவே ஒண்ணு சிங்க்ல விழுந்துச்சு. புழுன்னு நெனச்சேன். எடுத்துப் பார்த்தா கண்ணு இருக்கு."

கொண்டுவந்த தண்ணீரை மேசையில் வைத்தேன்.

"அப்புறம் ஏன்கா மிச்சத்தையும் தேய்ச்ச?"

"வேற என்ன செய்வேன்? சுடுதண்ணி எல்லாத்து மேலயும் ஊத்தியாச்சு. நிறுத்தினா உன்கிட்ட சொல்லணும். நீ ஒரு சொட்டு அழல. எந்த ரூமுக்குப் போனாலும் இவன் என்ன செஞ்சுக்குவானோன்னு பின்னாலயே வந்துக்கிட்டு இருந்தேன். இதையும் சொன்னா நீயும் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் தேய்ச்சேன். நல்லா வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ச்சேன்."

அப்படியென்றால் அன்று என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது களைப்பினால் அல்ல. கூட்டைத் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று போனில் கெஞ்சியதும் சாங்கியம் அல்ல. உள்ளே நான் எதைப் பார்த்துவிடுவேனோ என்று அவள் தினம் பயந்திருக்கிறாள். இங்கே நான், அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன். இருவரும் தினம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றேன். "நான்தான் எல்லாத்தையும் வெளிய எடுத்தேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். வழக்கமான ஊர் கேட்கும் குரலில் அல்ல, சத்தமே இல்லாமல், கேரியர் மூடி மட்டும் கடகடவென்று ஆடியது. என் மனைவி செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் கேரியரிலிருந்து நண்டுக் குழம்பு வாசனை வந்தது. அவள் எத்தனையோ வாரமாகக் கொண்டுவந்து கொடுத்து, நானும் சாப்பிட்டுக் கழுவி வைத்த கேரியர்தான். அன்றுதான் அதில் வாசனை இருப்பது தெரிந்தது. வயிற்றில் ஏதோ பிடுங்கியது. என்னவென்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

"அக்கா, எனக்குப் பசிக்குது."

அவள் முகத்தைத் துடைக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டை எடுத்து, அழுதுகொண்டே எனக்குச் சோறு போட்டாள்.